தெப்பக்குளத்துச் சுவரும் ஒரு தாழ்ப்பாளும்

குடும்ப ஆலோசகரான எனக்கு மதுரையிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 25. பெயர், தெரு, வேலை செய்யும் இடம் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். ஒன்றரை வருடம் ஆகிறது. கணவருக்கு வயது 29, வாகன உதிரிபாகக் கடையில் வேலை, சம்பளம் 21,000 ரூபாய். இவர் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருக்கிறார், 13,000 ரூபாய். வைகைக்கு வடகரையில் மாமனாரின் சொந்த வீடு. ஒரு கூடம், இரண்டு அறை. ஒரு அறையில் மாமனாரும் மாமியாரும். கூடத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கொழுந்தனார். இன்னொரு அறை இவர்களுக்கு. ஆனால் வீட்டின் பீரோ அந்த அறையில்தான் இருக்கிறது. மாமாவின் சர்க்கரை மாத்திரை டப்பாவும் அங்கேதான். கதவின் தாழ்ப்பாள் உடைந்து பல வருடமாகிறது, யாரும் சரிசெய்யவில்லை. "கதவைச் சாத்தி வைக்கவே கூச்சமா இருக்கு மேடம்" என்று எழுதியிருக்கிறார்.

அதனால் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் "பெட்ரோல் போட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் கிளம்புவது. கீழவாசல் பக்கம் ஒரு டம்ளர் பருத்திப்பால், அல்லது இரண்டு பரோட்டாவை ஒரே இலையில் வைத்துப் பிய்த்துத் தின்பது. அப்புறம் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் அரை மணி நேரம். வீட்டுக்கு வந்ததும், ஒன்றும் சாப்பிடாதவர்கள் மாதிரி மறுபடியும் உட்கார்ந்து இரண்டு தோசை. "அந்த அரை மணி நேரத்துலதான் நாங்க புருஷன் பொண்டாட்டியா இருந்தோம்" என்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கொழுந்தனாரின் நண்பர் ஒருவர் இவர்களைப் பரோட்டாக் கடையில் பார்த்துவிட்டு, வீட்டில் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டுல நான் என்ன விஷமா வைக்கிறேன்?" மறுநாளிலிருந்து கணவர் கிளம்புவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "விடு, வீட்ல பிரச்சினை வேணாம்" என்கிறார். இப்போது இருவரும் பேசுவதெல்லாம் கேஸ் சிலிண்டரும் மாமாவின் மாத்திரையும்தான். மீதி நேரம் அவர் மொபைலில், இவர் சுவரைப் பார்த்தபடி.

இவர் கேட்பது மூன்று கேள்வி. நாங்கள் செய்தது தப்பா? அம்மா சொன்னதும் என்னை விட்டுக்கொடுத்துவிட்டாரே, அவருக்கு என் மேல் பிரியமே இல்லையா? தனிக்குடித்தனம் கேட்க எனக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது என்று தோழி சொல்கிறாள், அதைச் சொல்லி மிரட்டி அம்மா வீட்டுக்குப் போய் உட்காரட்டுமா? கூடவே, தன் அம்மா சொன்னதையும் எழுதியிருக்கிறார்: "ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன் அம்மா.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். தப்பே இல்லை. கல்யாணத்துக்கு முன் பழக்கமில்லாத இரண்டு பேர், ஒரு டம்ளர் பருத்திப்பாலை மாற்றி மாற்றிக் குடித்து ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தச் சுவரில் உட்கார்ந்து என்ன பேசினீர்கள் என்று எழுதியிருக்கும் பகுதியை மூன்றாவது தடவையும் படித்தேன். அவருடைய கடையில் வேலை பார்க்கும் வயதான அண்ணன் பேசுவதை அவர் அப்படியே நடித்துக் காட்டுவார், நீங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறி நிற்பீர்கள், அவர் தலையில் தட்டுவார். நான் வேலைக்கு வந்த புதிதில் அந்தக் குளம் பாதி நாள் வறண்டு கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். வைகைத் தண்ணீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து நிறைத்த பிறகு, மாலையில் அங்கே உட்கார இடம் தேட வேண்டியிருக்கிறது. அங்கே சுண்டலோடு உட்கார்ந்திருக்கும் ஜோடிகளில் எத்தனை பேர் உங்களைப் போல வீட்டில் பேச இடமில்லாமல் வந்தவர்கள் என்று நான் யோசித்ததுண்டு.

ஆக, நீங்கள் இழந்தது பரோட்டாவை இல்லை. உங்கள் இருவருக்கு மட்டும் என்று இருந்த ஒரே இடத்தை இழந்திருக்கிறீர்கள். கணவரிடம் பேசும்போதும் இதை மனதில் வையுங்கள். "என்னை ஏன் வெளியே கூட்டிட்டுப் போறதில்லை?" என்று கேட்டால், அவர் காதில் அது செலவுக் கணக்காகவும் அம்மாவைப் பற்றிய புகாராகவும் விழும். "நாம ரெண்டு பேரும் பேசி ரெண்டு மாசம் ஆச்சு, எனக்கு அது வேணும்" என்று சொன்னால் அவருக்குப் புரியும். அவருக்கும் அதே குறை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தைக்கு வலித்தது எது

உங்கள் அத்தை காசு செலவானதற்காகக் கோபப்பட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்ட கேள்வியை மறுபடி பாருங்கள். எவ்வளவு செலவு, எதற்கு வீண் செலவு என்று அவர் கேட்கவே இல்லை. "நான் என்ன விஷமா வைக்கிறேன்" என்றுதான் கேட்டார். முப்பது வருடமாக அந்த அடுப்படியில் நின்று, வீட்டுக்கே சோறு போட்ட கை அது. அந்த வீட்டில் அவருக்குப் பெயர் வாங்கித் தருவது அந்தச் சமையல்தான். மகன் வெளியே தின்றுவிட்டு வந்து, தின்னாதவன் மாதிரி எதிரில் உட்கார்ந்து தோசை கேட்டான் என்பதை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். பல நாள் ஏமாந்திருக்கிறோம் என்ற நினைப்புதான் அவருக்கு அதிகமாக வலித்திருக்கும்.

அதனால் அவரிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தால், எதற்குக் கேட்கிறோம் என்பதில் தெளிவாக இருங்கள். "பொய் சொல்லிட்டுப் போனது தப்பு அத்தை, இனிமே சொல்லிட்டுப் போறோம்." அவ்வளவுதான். போனதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால், இனி போகவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது போல ஆகிவிடும்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். "உங்க மாமா என்னை வெளியே கூட்டிட்டுப் போனதுன்னா கல்யாணமான புதுசுல ஒரே ஒரு சினிமாதான்" என்று ஒரு நாள் வெங்காயம் உரிக்கும்போது அத்தை சொன்னாராம். நீங்கள் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டீர்கள். குத்தல் இருக்கலாம். அதற்குள் ஒரு ஏக்கமும் இருக்கிறது. தனக்குக் கிடைக்காதது மருமகளுக்குக் கிடைக்கும்போது, நல்ல மனசு உள்ள பெண்ணுக்கும் நெஞ்சில் ஒரு சுருக்கென்று இருக்கும். என்னிடம் வரும் மாமியார்கள் பலர் அழுதபடி இதைச் சொல்லியிருக்கிறார்கள், மருமகளிடம் மட்டும் சொன்னதில்லை.

ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மல்லிகை

இப்போது இரண்டாவது கேள்வி. அவருக்குப் பிரியமில்லை என்கிறீர்கள். போகிற போக்கில் நீங்களே எழுதிவிட்டு நகர்ந்துபோன ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அவர் மல்லிகைப்பூ வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறார். நீங்கள் அதை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிடுகிறீர்கள். "தலையில வைக்க மனசு வரலை" என்கிறீர்கள்.

மார்கழியிலும் தையிலும் மல்லி விலை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பனியில் விளைச்சல் குறைந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்போதும் அவர் நிறுத்தவில்லை, இரண்டு முழத்தை ஒரு முழமாகக் குறைத்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 21,000 சம்பளத்தில் 15,000 வரை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வண்டிக் கடன் கட்டுகிற மனிதர் அவர். வாய் திறந்து கேட்கத் தெரியாதவர் பூவை வைத்துக் கேட்கிறார். அந்தப் பூ சாமி படத்துக்குப் போவதை அவரும் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புதுமணத் தம்பதிகளை ஒரு வீடு போன்ற இடத்தில் தங்கவைத்து, அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்தார். ஒருவர் "அங்க பாரேன், மேகம் எப்படி இருக்கு" என்பார். மற்றவர் திரும்பிப் பார்ப்பார், அல்லது பார்க்காமல் விட்டுவிடுவார். இப்படிச் சின்னச் சின்னக் கூப்பிடல்களைத்தான் அவர் எண்ணினார். ஆறு வருடம் கழித்து அதே தம்பதிகளை விசாரித்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அன்றைக்கு நூற்றுக்கு 86 தடவை திரும்பிப் பார்த்தவர்கள் என்று தெரிந்தது. பிரிந்துபோனவர்கள் 33 தடவைதான் திரும்பியிருந்தார்கள். சண்டை எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறோமா என்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன், என் அனுபவமும் அதுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பூவைத் தலையில் வையுங்கள். "நல்லா கட்டியிருக்காங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றைக்கே தெப்பக்குளத்துப் பேச்சை எடுக்க வேண்டாம்.

அவர் ஏன் நிறுத்தினார் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் மனைவியோடு வெளியே போகிற ஆணுக்குப் பெயர் வைப்பார்கள். தம்பியின் நண்பன் வந்து சொல்லி, தம்பி எதிரில், அப்பா எதிரில் அம்மா கேட்ட கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அது வெட்கம். உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒருவரை அவர் தேர்ந்தெடுத்ததாக நீங்கள் படித்துவிட்டீர்கள். அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒதுங்கிக்கொண்டார். அது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் பேச வேண்டிய பொறுப்பு அவருடையது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பிரியமில்லாததும் பேசத் துணிவில்லாததும் வேறு வேறு. துணிவை வரவழைக்கலாம்.

முதலில் ஒரு தாழ்ப்பாள்

தனி வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், இருக்கிற வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பலருக்கு இது அற்பமாகத் தெரியும், எனக்கு இதுதான் தலையாயது.

ஆசாரியைக் கூப்பிட்டு அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். சாமானும் கூலியும் சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆகும். மாமாவின் மாத்திரை டப்பாவைக் கூடத்து அலமாரிக்கு மாற்றுங்கள். பீரோவை நகர்த்த முடியாது என்றால், இரவு ஒன்பதரைக்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவரலாம். தாழ்ப்பாள் போடுவது உங்கள் கணவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் கேட்டால் அது பெரிய பேச்சாகிவிடும். மகன் ஞாயிற்றுக்கிழமை ஆசாரியோடு வந்து நின்றால், வீட்டு மராமத்து அவ்வளவுதான். கல்யாணமான இருவர் கதவைச் சாத்திக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. யார் எப்போது உள்ளே வருவார்களோ என்ற பயத்தோடு தாம்பத்தியம் நிம்மதியாக இருக்காது, மனம் விட்டுப் பேசக்கூட முடியாது. உடம்பும் மனசும் எப்போதும் ஒரு காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்குள் வந்திருக்கும் விலகலில் பாதிக்கு அந்த உடைந்த தாழ்ப்பாள்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் மொட்டை மாடி. என்னிடம் வந்த ஒரு தம்பதி, ஏழு பேர் இருக்கும் வீட்டில் இருந்தார்கள். கணவர் பேருந்து ஓட்டுநர், இரவு பத்து மணிக்கு மேல்தான் வருவார். அவர் வந்ததும் காய்ந்த துணி எடுக்க இருவரும் மாடிக்குப் போவார்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பத்து வருடமாக அப்படித் துணி எடுக்கிறார்கள். இப்போது அவர்களுடைய பெண், "அம்மாவும் அப்பாவும் துணி எடுக்கப் போயிருக்காங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லி உட்காரவைக்கிறாளாம்.

வெளியே போவதையும் விட வேண்டாம், பொய்யை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் அம்மாவிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அம்மா, செவ்வாயும் சனியும் ராத்திரி நாங்க கொஞ்சம் வெளிய போய்ட்டு வருவோம். அன்னிக்கு எங்களுக்கு மாவு ஊத்தி வைக்க வேண்டாம்." அனுமதி கேட்கிற குரலில் இல்லாமல், தகவல் சொல்கிற குரலில் சொல்லட்டும். முதல் இரண்டு வாரம் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்காக மறுபடி நிறுத்திவிடக் கூடாது. ஒருமுறை நிறுத்தினால், முகத்தைத் தூக்கினால் காரியம் நடக்கும் என்று ஆகிவிடும். வாரம் இரண்டு நாள், ஒரு நாளுக்கு 80 ரூபாய் என்றாலும் மாதம் சுமார் 700 ரூபாய்தான். உங்கள் சம்பளம் உங்களுடையது, அதிலிருந்து இதை எடுத்துவைக்க யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா நாளும் தின்பதற்காகவே போக வேண்டும் என்றும் இல்லை. ஞாயிறு காலையில் கீழக்குயில்குடி பக்கம் சமணர் மலை அடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். தாமரைக் குளம், ஆலமர நிழல், கோயில் வாசல், ஒரு பைசா செலவில்லை. நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று படிக்கலாம். குளிர்ச்சியாக இருக்கும், யாரும் எழுப்பிவிடவும் மாட்டார்கள்.

அத்தையையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் செவ்வாய், சனியில் வேண்டாம். அது உங்கள் இருவருக்கானது, அதில் மூன்றாவது ஆள் வந்தால் அது வேறொன்றாகிவிடும். அதற்குப் பதிலாக, ஒரு மாலை அத்தையையும் மாமாவையும் மட்டும் ஆட்டோ வைத்துத் தெப்பக்குளத்துக்கு அனுப்புங்கள். மாமாவுக்குச் சர்க்கரை, பருத்திப்பால் கூடாது. சுண்டல் சாப்பிடட்டும். அன்றைக்கு இரவுச் சமையலை நீங்கள் இருவரும் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

நான் குடும்ப ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வரும் தம்பதிகளோடு பல வருடம் உட்கார்ந்து பேசியவள் என்பதால், உங்கள் தோழி சொன்னது பாதிதான் சரி என்று சொல்ல முடியும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, கணவரோடு வாழும் வீட்டில் மனைவி குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. உங்களை யாரும் நினைத்தபோது வெளியே போ என்று சொல்லிவிட முடியாது. அதே சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, வன்முறை நடந்திருந்தால் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கொடுக்கவோ நீதிமன்றம் கணவருக்கு உத்தரவிடலாம். கவனியுங்கள், வன்முறை நடந்திருந்தால்தான். அடி உதை மட்டும் வன்முறை இல்லை. தொடர்ந்து இழிவாகப் பேசுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையை வாங்கி வைத்துக்கொண்டு தராதது எல்லாம் அதில் அடங்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், அப்போது நான் சொல்லும் ஆலோசனையும் வேறாக இருக்கும்.

தனிக்குடித்தனம் வேண்டும் என்று விருப்பத்தின் பேரில் கேட்பதற்குச் சட்டத்தில் உரிமை என்று ஒன்றும் கிடையாது. 2016இல் ஒரு விவாகரத்து வழக்கில், தக்க காரணமில்லாமல் கணவரைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க மனைவி விடாமல் வற்புறுத்துவது கொடுமை ஆகும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் தற்கொலை மிரட்டல், பொய்க் குற்றச்சாட்டு என்று வேறு விஷயங்களும் இருந்தன. தனி வீடு பற்றிக் கணவரோடு மனம் விட்டுப் பேசுவதை யாரும் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவது, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் போய் உட்காருவது இரண்டும் வேண்டாம். கோபித்துக்கொண்டு போனவரைத் திரும்ப அழைத்துவருவது இரண்டு குடும்பத்துக்கும் மானப் பிரச்சினையாகிவிடும். யார் முதலில் வருவது என்பதிலேயே மூன்று மாதம் ஓடிவிடும். அம்மா வீட்டு நினைப்பு வந்தால், நாள் சொல்லிவிட்டு, நாலு நாள் இருந்துவிட்டு, சிரித்த முகத்தோடு வாருங்கள்.

தனி வீடு: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

தனியாகப் போவதே தப்பு என்று சொல்பவள் இல்லை நான். நல்ல உறவோடு பிரிந்துபோன எத்தனையோ வீடுகளில், மாமியாரும் மருமகளும் அப்புறம்தான் சிநேகிதமானார்கள். ஆனால் கோபத்தில் போகாதீர்கள், கணக்குப் போடாமலும் போகாதீர்கள்.

இருவர் சம்பளம் 34,000. வண்டிக் கடன் 3,200. நீங்கள் விசாரித்த வீட்டுக்கு வாடகை 8,000. மளிகை, காய், பால், கேஸ், மின்சாரம் 9,000 என்று வைப்போம். மாமாவின் மருந்தும் கொழுந்தனாரின் படிப்பும் இருப்பதால், இப்போது கொடுக்கும் 15,000-ஐ ஒரேயடியாக நிறுத்த உங்கள் கணவருக்கு மனம் வராது. 7,000 கொடுத்தாலும் மீதி 6,800. பெட்ரோல், பஸ், போன் போக மூவாயிரத்துக்குள் நிற்கும். ஒரு காய்ச்சல் வந்தால் அது காலி. முடியாது என்று சொல்லவில்லை, இழுத்துப் பிடிக்க வேண்டும்.

உங்கள் அப்பா மூன்று லட்சம் கொடுத்து ஒத்திக்கு வீடு பிடித்துத் தருகிறேன் என்கிறார். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் ஒத்தி. நம் ஊரில் சகஜம், மாத வாடகை மிச்சம். ஆனால் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்த வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருப்பது தெரிந்து அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல், முறையாகப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. வாடகை வீடு என்றாலும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும். அப்பாவின் பணம் என்பதால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். அதைவிட முக்கியம், மாமனார் பணத்தில் குடியிருக்கிறோம் என்ற கூச்சம் உங்கள் கணவருக்கு வருமா என்று முதலிலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள். வரும் என்றால் அந்த வீடு உங்கள் இருவருக்கும் இனிக்காது.

என் யோசனை இது. ஆறு மாதம் தாழ்ப்பாளும் செவ்வாய் சனியும் என்று இருந்து பாருங்கள். அப்போதும் மூச்சு முட்டுகிறது என்றால், கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு பார்த்துப் போங்கள். போகிறோம் என்பதை உங்கள் கணவர் அவர் வாயால் வீட்டில் சொல்லட்டும். ஆனால் ஒன்று. இங்கே இரண்டு மாதமாகப் பேசாமல் இருக்கிற இரண்டு பேர், புது வீட்டுக்குப் போனால் தானாகப் பேசிவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். அங்கேயும் மொபைல் இருக்கும், சுவர் இருக்கும்.

குழந்தையைப் பற்றி உங்கள் அம்மா சொன்னதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். குழந்தை வந்தால் தூக்கம் போகும், இருவருக்கும் இருக்கிற நேரம் இன்னும் குறையும், அதே அறையில் தொட்டிலும் வரும். உங்களுக்கும் அவருக்கும் ஆசை வரும்போது பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை அடைக்கிற வேலையைப் பிறக்காத பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். தாழ்ப்பாள் போட்டாயிற்றா, வெள்ளிக்கிழமைப் பூ எங்கே போனது என்று இரண்டு வரி போதும். கடையில் இருக்கும் அந்த வயதான அண்ணன் இப்போது என்ன சொல்கிறார் என்பதையும் எழுதினால் சந்தோஷப்படுவேன். அது உங்கள் கணவரிடம் கேட்டால்தான் உங்களுக்கே தெரியும்.